ஒன்பதாம் நம்பருக்கு நாப்பத்தி மூணு

மொகத்தைச் சுளிக்காதீங்க தம்பி. எட்டுதான் உங்க நம்பர். மூணு பாட்டிலு, மூணுலயும் எட்டு ஒட்டியாச்சு. நோட்டுல எட்டாவது வரியில உங்க பேரு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, பக்கத்துல நானும் போடறேன். ஒரு பீர் போட்டிக்கு இத்தனை பத்திரப் பதிவான்னு பாக்கறீங்க, தெரியுது. போன வருசம் வரைக்கும் இதெல்லாம் இல்லைங்க. உக்காருங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. இந்தக் கராஜுல ஃபேன் கெடையாது, கதவைத் தொறந்து வெச்சா நல்லாக் காத்து வரும்.

மெல்போர்னுக்கு வந்து நாலு மாசம்தான் ஆச்சுங்களா? அதுக்குள்ள காய்ச்சக் கத்துக்கிட்டீங்களே, கெட்டிக்காரர்தான். காய்ச்சறதுன்னு நாஞ் சொன்னதும் வாசலைத் திரும்பிப் பாக்கறீங்க பாருங்க. அட, நம்மூரு நெனப்புல பயந்துக்காதீங்க. இந்த நாட்டுல நாம குடிக்கறதுக்கு நாமளே காய்ச்சிக்கலாம், போலீஸ் வராது. விக்கத்தான் கூடாது. நம்மாளுங்க பதினாலு பேரு காய்ச்சறோம். வருசத்துக்கு ஒருக்கா இங்கதான் போட்டி. நடத்தறது நானு. தலைமை ஜட்ஜும் நான்தான். கூட ஒரு வெள்ளக்காரம்மா, ஹெலன்னு பேரு, பக்கத்து கிளப்புல இருந்து வருவாங்க. அவங்க பீர் ஜட்ஜுக்குன்னு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுனவங்க. நான் பரீட்சை எழுதலைங்க. எனக்கு மூக்கு இருக்குது, போதாதுங்களா?

இப்ப ஜெபமணியைப் பத்திச் சொல்லணும். அவன் நாசரேத்துக்காரன், நான் கோபிக்காரன். பத்தொன்பது வருசமா ஒரே டிப்போவுல ட்ராம் ஓட்டறோம். இந்தச் சென்னியப்பனுக்குப் பீர் காய்ச்சக் கத்துக்குடுத்ததே ஜெபமணிதான்னு இங்க நாலு பேரு பேசிக்குவாங்க, நம்பாதீங்க. பானை குடுத்தான். ஈஸ்டை எப்பப் போடறதுன்னு காட்டுனான். மொத மூணு தடவை கூட நின்னு பாத்துக்கிட்டான். மத்தபடி நானாக் கத்துக்கிட்டதுதான் எல்லாம்.

அந்தக் கருப்பட்டிப் பீரும் அப்படித்தானுங்க. ஸ்டவுட்டுன்னு ஒரு வகை இருக்குது இல்லைங்களா, கன்னங்கரேல்னு, கெட்டியா. அதுல கருப்பட்டியைத் தட்டிப் போட்டா ஒரு மணம் வருமுங்க, அடடா. மொதல்ல போட்டது அவன்தான், நான் இல்லைன்னு சொல்லல. அவன் அரைக்கிலோ போடுவான். நான் அதுல அம்பது கிராம் கூடப் போட்டேன். அப்பறம் அது என்ற பீருதானுங்களே?

சரி, கதைக்கு வர்றேன். முந்தா வருசப் போட்டியில ஒரு பாட்டிலுக்கு நான் அம்பதுக்குப் பத்தொன்பது மார்க் போட்டேன். மார்க் ஷீட்டுல கீழ ரெண்டு வரி எழுதணும், காய்ச்சுனவங்க திருத்திக்கறதுக்கு. "பாத்திரம் கழுவுன தண்ணி. இவர் பீர் காய்ச்சறதை விட்டுட்டுக் காப்பி குடிக்கலாம்"னு எழுதுனேன். யாருதுன்னு தெரியாமத்தானுங்க எழுதுனேன். பாட்டில்ல பேரு இருக்காது, நம்பர் மட்டும்தான். ஆனா ஷீட்டு அவங்கவங்க கைக்குப் போயிருமில்லைங்களா. அது ஜெபமணி கைக்குப் போச்சு.

ஒரு வருசம் பேசலைங்க! டிப்போவுல நான் சாப்பிட உக்காந்தா அவன் டப்பாவைத் தூக்கிட்டு அந்த மூலைக்குப் போயிருவான். ஷிப்டை மாத்திக்கிட்டான். உண்மையைச் சொன்னதுக்கு இத்தனை கோவமான்னு எனக்கும் வீம்பு. எனக்கு மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு வராதுங்க, பொறந்ததுல இருந்து அப்படித்தான். ஆனா அந்த ஒரு வருசம் சோறு எறங்கலைங்க. அவன் இல்லாம டிப்போவே டிப்போ மாதிரி இல்ல. அதை யாருகிட்டப் போய்ச் சொல்றது?

கடைசியில என்ற ஊட்டுக்காரி பூங்கொடிதான் போனா. கறிக்கொழம்பு வெச்சு எடுத்துக்கிட்டு நேரா அவன் ஊட்டுக்கே போயி, "அண்ணா, இந்தத் தடவை நீங்க பாட்டில் குடுக்கலீன்னா இனிமே உங்க ஊட்டுக் கிறிஸ்மஸ் கேக்கை நான் தொடமாட்டேன்"னு சொல்லிட்டா. அவனும் சரின்னான். பாட்டிலைக் கொண்டாந்து அவ கையிலதான் குடுத்தான். குடுக்கறப்ப என்ன சொன்னான் தெரியுங்களா? "தங்கச்சி, இதுதான் கடைசி. இதுலயும் அவன் என்னை அவமானப்படுத்துனா, பானையை வித்துட்டு அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னு. பூங்கொடி அதை அப்படியே வந்து சொன்னா. நான் அன்னிக்கு ஒண்ணு மட்டும் முடிவு பண்ணுனேன், இந்த வருசம் ஒரு கோளாறும் வரக்கூடாதுன்னு.

அப்படி முடிவு பண்ணித்தானுங்க அந்த எட்டைக் கிழிச்சேன்.

நம்பர் ஸ்டிக்கர் ரோலா வரும். ஒவ்வொரு நம்பரும் மூணு மூணு. எட்டு சனியோட நம்பரு, யாருக்கு வந்தாலும் மூஞ்சி சுண்டிப்போகும். இப்ப உங்களுக்கே சுண்டுச்சா இல்லையா? நல்ல காரியத்துல எதுக்கு ஒருத்தரை வெசனப்பட வெக்கணும்னு, மூணு எட்டையும் உரிச்சு ஜாக்கெட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். ஏழு, அப்பறம் ஒன்பது. யாருகிட்டயும் சொல்லல. நல்லது பண்ணுனதைத் தம்பட்டம் அடிக்கற பழக்கம் எனக்கு இல்லைங்க.

பூங்கொடி பாட்டில் வர வர நோட்டுல பேரு எழுதிக்கிட்டே வந்திருக்கா. நோட்டுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பதினாலு வரைக்கும் நேரா இருக்குது. அப்பறம் வெள்ளிக்கிழமை உக்காந்து அதே வரிசையில ஸ்டிக்கரை ஒட்டுனா. அவ அக்கா கோபியில இருந்து போன்ல, ஒரு கல்யாணத்து அக்கப்போரு. காதுல போனு, கையில ஸ்டிக்கரு. ரோல்ல அடுத்தது என்ன வருதோ அதை ஒட்டிக்கிட்டே போயிருக்கா. புரியுதுங்களா? நோட்டுல எட்டாவது ஆளு, அவரு பாட்டில்ல ஒன்பது. நோட்டுல ஒன்பதாவது ஆளு, பாட்டில்ல பத்து. கடைசி ஆளுக்குப் பதினஞ்சு.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். நடத்தறவங்களும் ஜட்ஜுங்களும் கலந்துக்கக் கூடாதுன்னு ஹெலன் அம்மா ஒரு விதி போட்டுட்டாங்க. நான் விதியை மீறுற ஆளு இல்லைங்க. பூங்கொடி பேருல குடுத்தேன். அவளும் அதுல வேலை செஞ்சாளே, பாட்டிலெல்லாம் அவதான் கழுவுனா. அவ பேரு நோட்டுல ஒன்பதாவது வரி.

போட்டியன்னிக்குக் காலையில பத்தரை மணிக்கு நல்ல நேரம் பாத்து ஆரம்பிச்சோம். ஹெலன் அம்மா வந்ததும் வராததுமா ஒரு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிச்சு வெக்கறாங்க. ஒவ்வொரு பீருக்கும் நடுவுல வாயைச் சுத்தம் பண்ணிக்க வெறும் ரொட்டியும் தண்ணியுமாமா. எனக்குத் தாங்கல. ஊடு தேடி வந்தவங்களுக்கு வெறும் ரொட்டியும் தண்ணியும் வெக்கறதுக்கு இதென்ன ஜெயிலா? பூங்கொடியை மெளகுக் கோழி வறுவல் ஒரு தட்டு கொண்டாரச் சொன்னேன். நான் ஒரு ரெண்டு துண்டு, மூணு துண்டு சாப்பிட்டிருப்பேன். ஹெலன் அம்மா தட்டைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, அப்படியே தூக்கிட்டுப் போயி ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சுட்டாங்க. வெள்ளக்காரங்களுக்கு ஒறம்பறையை உபசரிக்கத் தெரியாது, பாவம்.

ஏழு வரைக்கும் ஒண்ணும் விசேசமில்லைங்க. ஏழு முடிஞ்சு பூங்கொடி ஒன்பதாம் நம்பர் கிளாஸைக் கொண்டாந்தா. எட்டு எங்கன்னு ஹெலன் அம்மா கேட்டாங்க. எட்டு கெடையாதுங்கன்னேன் நானு. அவங்களும் விட்டுட்டாங்க.

ஒன்பதை எடுத்து வெளிச்சத்துல காட்டுனேன். கன்னங்கரேல்னு. நொரை பழுப்பா, அடங்காம நிக்குது. ஒரு வாய் குடிச்சேன். அவ்வளவுதானுங்க, இது என்றதுன்னு தெரிஞ்சுபோச்சு. பெத்தவனுக்குத் தெரியாதுங்களா? கருப்பட்டி நாக்குக்கு அடியில வந்து நின்னுட்டு நிதானமாப் போகுது. கசப்பு அளவா இருக்குது. ஷீட்டுல பத்து வரி எழுதிட்டேன், எடம் பத்தாம பின்பக்கமும் எழுதுனேன். ஆனா நேர்மை தவறலைங்க. நாப்பத்தஞ்சு போட்டிருக்கணும். சொந்தப் பீராச்சேன்னு ரெண்டு மார்க்கைக் கொறைச்சு நாப்பத்தி மூணு போட்டேன். ஹெலன் அம்மா நாப்பத்தி ஒண்ணு போட்டிருந்தாங்க.

அடுத்தது பத்து. அதுவும் கறுப்பு, அதுவும் கருப்பட்டி. ஜெபமணியோடதா இருக்கும்னு எனக்குப் பட்டுச்சு. பட்டா என்னங்க, அதுக்காகக் கொறைக்கறவனா நானு? பீரு நல்லாயில்ல, அவ்வளவுதான். ஊத்தறப்ப காத்து கலந்துபோனா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வருமுங்க, அது வந்துச்சு. பதினேழு போட்டேன். "நனைஞ்ச அட்டைப்பெட்டி. அவசரக்காரர் கை. பாட்டில்ல ஊத்தறப்ப இவருக்குப் புத்தி எங்க இருந்துச்சோ"ன்னு எழுதுனேன். ஹெலன் அம்மாவும் பத்தொன்பதுதான் போட்டாங்க.

எல்லாம் முடிஞ்சு நோட்டைப் பிரிச்சேன். ஒன்பது யாருன்னு பாக்கறேன், பூங்கொடி! மைக்கைப் புடிச்சு அவ பேரைச் சொன்னேன். கப்பு வாங்க அவ வர்றப்ப கண்ணுல தண்ணி வந்திருச்சுங்க. சனமெல்லாம் கை தட்டுது, சில பேரு சிரிச்சுக்கிட்டே தட்டுனாங்க. பூங்கொடி பீருன்னா என்னன்னே தெரியாதவ, அவ ஜெயிச்சுட்டாளேன்னு சந்தோசத்துல சிரிக்கறாங்கன்னு நெனச்சேன்.

அப்பத்தான் பின்னால இருந்து ஜெபமணி எந்திரிச்சான். "என் பீர் என்ன ஆச்சு?" அப்படின்னான். ஒரு வருசம் கழிச்சு என்கிட்டப் பேசுன மொதப் பேச்சு. நான் நோட்டைப் பாத்தேன். எட்டாவது வரி, ஜெபமணி. மார்க் இல்ல. மைக் கையிலயே இருந்துச்சு. "எட்டு, வரவில்லை"ன்னு சொல்லிட்டேன்.

நீங்க சிரிக்கறீங்க. எட்டை நான்தான் கிழிச்சேன், அப்பறம் எட்டுல எப்படி ஒரு ஆளு இருப்பான்னு ஒரு நிமிசம் ரோசிச்சிருந்தாப் போதும். பதினஞ்சாம் நம்பர் பாட்டில் ஒண்ணு பேரே இல்லாம நிக்குது, அதையாவது பாத்திருக்கலாம். கப்பு வந்தா மூளை வேலை செய்யறதில்லைங்க. "அண்ணா குடுத்தாருங்க, நான்தான் வாங்குனேன்"னு பூங்கொடி சொல்றா. நான் பிரியாணி ஆறுதுன்னு எல்லாரையும் சாப்பிட அனுப்பிட்டேன். ஜெபமணி சண்டை போடல, ஒண்ணும் போடல. "சரி, இரிக்கட்டும்"னு சொல்லிட்டுச் சாப்பிடாமப் போயிட்டான்.

திங்கக்கிழமை ஷிப்டுக்குக் கெளம்பறேன். ஜாக்கெட் பாக்கெட்டுல கைய விட்டா வெரல்ல ஏதோ ஒட்டுது. எடுத்துப் பாத்தேன். மூணு எட்டு.

அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேனுங்க. பூங்கொடி நோட்டை எடுத்தாந்து பக்கத்துல உக்காந்தா. ஒவ்வொரு பேரா வெரலை வெச்சு எண்ணிக்கிட்டே வந்தா. "ஒன்பதாம் நம்பர் பாட்டில் ஜெபமணி அண்ணாவோடதுங்க"ன்னா. அதுக்கப்பறம் அடுத்த ஷீட்டை என்ற மடியில வெச்சா. பத்து. நனைஞ்ச அட்டைப்பெட்டி. பொக்குன்னு போச்சு எனக்கு. அன்னிக்கு பாட்டில்ல ஊத்தறப்ப கிரிக்கெட் ஓடிக்கிட்டிருந்துச்சு, கடைசி ஓவரு, கொஞ்சம் சளசளன்னு ஊத்துனது வாஸ்தவம்தான்.

மூணு நாளு சும்மா இருந்தேன். மறைக்கலைங்க, ரோசனை பண்ணிக்கிட்டிருந்தேன். கப்பு ஷோகேஸ்ல இருக்குது, அதைப் பாக்கறதும் வர்றதுமா இருந்தேன். வியாழக்கிழமை பூங்கொடி, "ஏனுங்க, நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா? ஜெபமணி அண்ணா பானையை விலைக்குப் போட்டிருக்காரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒருத்தரு வந்து தூக்கிட்டுப் போறாராமா"ன்னா. மணி அப்ப நாலு.

கப்பு ஒரு கையில, ஷீட்டு ஒரு கையில, ஓடுனேன். வாசல்லயே பானையைத் தேச்சு மினுமினுன்னு கவுத்து வெச்சிருக்கான். பக்கத்துல ஜாடி, குழாயி, மூடி போடற மிசினு, அத்தனையும் வரிசையா. எனக்கு மொத மொதலாக் குடுத்துப் பழக்குன பானைங்க அது. அவன் கதவைத் தொறந்து நின்னான். உள்ள வான்னு கூப்பிடல.

நான் எல்லாத்தையும் கொட்டிட்டேன். எட்டு, சனி, அக்கா போனு, ஊட்டுக்காரி பேருல என்ற பீரு, ஒண்ணு விடல. கப்பை நீட்டுனேன், தொடல. ஷீட்டை மட்டும் வாங்கிக் கண்ணாடி போட்டுப் படிச்சான். வரி வரியாப் படிக்கறான். அப்பறம் தலையத் தூக்கிக் கேட்டான்.

"ஏல சென்னி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இது யாரு பீருன்னு நெனச்சுல நாப்பத்தி மூணு போட்ட?"

எனக்குப் பொய் வராதுங்க தம்பி. ஆனா அவன் கண்ணு நனைஞ்சிருக்குது. ஒரு வருசம் பேசாதவன் கேக்கறான். "உன்றதுன்னு தெரிஞ்சுதான்டா போட்டேன்"னு சொல்லிட்டேன்.

அவன் ஷீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிச்சான், சத்தமா. "இதைக் காய்ச்சுனவர் பவானி ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவரா இருக்கணும். கோபி மண்ணுக்குன்னே ஒரு கைப்பக்குவம் உண்டு."

அய்யோ சாமி! அப்படியே பூமி பொளந்து உள்ள வாங்கிக்கக் கூடாதான்னு இருந்துச்சு. அதை எழுதுனதே எனக்கு ஞாபகம் இல்லைங்க. வெக்கத்துல தலை நிமிரல. மேல சத்தம் கேக்குது, என்னன்னு பாத்தா அவன் கதவைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறான். "நான் நாசரேத்துக்காரன்ல! செம்மண்ணுத் தேரியில வளந்தவன்ல! எங்க ஊருல ஏதுல ஆறு?" மூச்சு வாங்கச் சிரிக்கறான். எனக்கும் சிரிப்பு வந்திருச்சு, அழுகையும் வந்திருச்சு. "இந்த ரெண்டு வரியை மட்டும் அடிச்சிட்டுக் கீழ கையெழுத்துப் போடுல. மத்ததெல்லாம் அப்படியே இரிக்கட்டும்"னான். பானையை வாங்க வந்த ஆளுகிட்ட மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்புனோம்.

அத்தோட விட்டானா? "உன் பத்தாம் நம்பர்ல மிச்சம் இருக்கால? கொண்டா, நானும் மார்க் போடுதேன்"னான். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. ஊட்டுக்குப் போயி ஒரு பாட்டில் கொண்டாந்தேன். கிளாஸ்ல ஊத்தி, மோந்து பாத்து, ஒரு வாய் குடிச்சு, மூஞ்சியக் கோணிக்கிட்டு இன்னொரு வாய் குடிச்சான். பேனாவை எடுத்து இருபத்தி மூணுன்னு போட்டான்.

"நானே பதினேழுதான் போட்டேன், ஹெலன் அம்மாவும் பத்தொன்பதுதான். நீ எதுக்குடா கூடப் போடற? உனக்கு நாக்கு செத்துப் போச்சா?"ன்னு கேட்டேன்.

"நாக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பீரு பதினேழுதான்ல. நான் யாருதுன்னு தெரிஞ்சு போட்டேன்"னான்.